உரிமங்கள் பக்கத்தில் ஒரு பெயர்

என் வீட்டுத் துணி துவைக்கும் மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுவது எனக்கு மரியாதை. ஆனாலும் மூன்று வருஷமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மூன்று மணிக்கு ஒரு கூடைத் துணியைத் தூக்கிக்கொண்டு பாய்ட்டின் சலவைக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காசைப் போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் கடை. வீட்டு மெஷின் ரிப்பேர் என்று பாய்ட்டிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"மூணு வருஷமாவாய்யா ஒரு மெஷின் ரிப்பேரா கிடக்கும்?" என்பான் பாய்ட். "அந்த நீலச் சட்டை போன வாரமும் அழுக்கில்ல, இந்த வாரமும் அழுக்கில்ல. துவைச்சுத் துவைச்சே அதைச் சாகடிக்கப் போற."

"உனக்கு வரும்படி வருதுல்ல? வாயை மூடிட்டு எண்ணு."

"நான் மூடிக்கறேன். ஊரு மூடுமா?"

ஊர் மூடாது. வெனாச்சி அவ்வளவு பெரிய ஊர் இல்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஆப்பிள் தோட்டம், அந்தப் பக்கமும் ஆப்பிள் தோட்டம், நடுவில் நாங்கள். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஆப்பிள் பேக்கிங் ஷெட்டில் வேலை முடிந்து ஹசிந்தா துணி துவைக்க வருவாள் என்பது பாய்ட்டுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஹசிந்தாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மெக்சிகோவில் மிச்சோவகான் பக்கம். மகள் யரேலி அங்கே மொரேலியாவில் நர்ஸிங் படிக்கிறாள். துணி காயும் நாற்பது நிமிஷமும் நாங்கள் ஜன்னலோரப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்போம். மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் போட்ட வெள்ளரித் துண்டுகளை ஒரு டப்பாவில் கொண்டுவருவாள். "எடுத்துக்கோங்க, டான் டெல்மர்" என்று நீட்டுவாள். டான் என்பது அவர்கள் ஊரில் பெரியவர்களுக்குப் போடும் மரியாதை. என் பெயருக்கு முன்னால் மரியாதை போட்ட ஒரே ஜீவன் உலகத்தில் அவள்தான்.

காதலா என்று கேட்காதீர்கள். எனக்கு அறுபத்தொரு வயது. என் மனைவி கொரின் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் "உன்கிட்ட பேசணும்னா ஈமெயில் போட வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு டூசான் என்ற தூரத்து ஊருக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. வாரத்தில் மற்ற ஆறு நாளும் என் குரலை நான் கேட்பது பூனையைத் திட்டும்போது மட்டும்தான். "மத்தியானம் என்ன சாப்ட்டீங்க?" என்று என்னைக் கேட்க ஒரு ஆள், வாரத்துக்கு நாற்பது நிமிஷம். அதற்குப் பெயர் என்னவோ, அதுதான்.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கதை நகராது. நான் நிரல் எழுதுகிறவன். பதினோரு வருஷமாக நானூறு வரி நிரல் ஒன்றைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன். கிரிப்டோ பணத்தை ஒருவருக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஒரு நீளமான முகவரி வேண்டும், எழுத்தும் எண்ணுமாகக் கலந்து கிடக்கும். அதில் ஒரு எழுத்து பிசகினாலும் பணம் எங்கேயோ போய்விடும், திரும்பி வராது. பணம் கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பிசகைப் பிடித்து நிறுத்துவதுதான் என் நானூறு வரி. காசு கிடையாது. ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கிற பொருளுக்குள் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை, எழுதினவன் பெயரை எடுக்கக்கூடாது.

அது ஒழுங்காக ஓடும்போது எவனும் எனக்கு ஒரு வரி எழுத மாட்டான். பிசகினால் மட்டும் வரும். "உங்கள் நிரல் உடைந்திருக்கிறது. எப்போது சரிசெய்வீர்கள்?" ஒரு கிறிஸ்துமஸ் அன்று எனக்கு வந்த ஒரே கடிதம் அதுதான். வாழ்த்துக்கூட இல்லை, படுபாவி.

நிரல் எழுதும் எங்கள் சாதிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் டிவியில் படம் பார்க்க மாட்டோம். செட்டிங்ஸுக்குள் போய், கடைசிக்குப் போய், 'உரிமங்கள்' என்றொரு பக்கம் இருக்கும், அதைத் திறப்போம். அந்தப் பொருளுக்குள் யார் யார் எழுதிய இலவச நிரல் இருக்கிறதோ, அவர்கள் பெயரெல்லாம் எறும்பு எழுத்தில் அங்கே கிடக்கும். செய்தவர்களுக்கு அதைப் போட்டே ஆகவேண்டிய கட்டாயம். படிக்கிறவர்கள் நாங்கள் மட்டும்தான். குரூப் போட்டோவில் எல்லோரும் முதலில் தன் முகத்தைத்தானே தேடுகிறார்கள். கார், ஃபிரிட்ஜ், பல் டாக்டர் அறையில் இருந்த கருவி, எல்லாவற்றிலும் நான் தேடியிருக்கிறேன். தெரிந்தவர்கள் பெயர் நிறையக் கிடைக்கும். என் பெயர் ஒருநாளும் கிடைத்ததில்லை.

ஒரு நாள் பாய்ட் கடையில் கரண்ட் போய் வந்தது. கார்டு தேய்த்துக் காசு கட்டும் பெட்டி மறுபடி கிளம்பும்போது அதன் திரை ஓரத்தில் குட்டிப் பென்குயின் ஒன்று இரண்டு நொடி தெரிந்தது.

"இதென்னய்யா என் பெட்டிக்குள்ள வாத்து?" என்றான் பாய்ட்.

"வாத்து இல்ல, பென்குயின். கம்ப்யூட்டரை ஓட்டற லினக்ஸ்ங்கற நிரலோட சின்னம். முப்பது வருஷம் முன்னாடி இதை நான் என் ஆபீஸ்ல போடச் சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க. நாலு பேர் சும்மா எழுதினதை எவன் நம்புவான்னாங்க. இன்னிக்கு உன் பெட்டி, உன் டிவி, உன் போன், எல்லாத்துக்குள்ளயும் அதுதான். யாராவது வா வான்னு கூப்ட்டாங்களா? அதுவா உள்ள வந்து உக்காந்துடுச்சு. யாருக்கும் பேரு தெரியாது."

"சரி, துவைக்குதுல்ல? அப்புறம் வாத்தா இருந்தா என்ன, வான்கோழியா இருந்தா எனக்கென்ன?"

"அதான் சொல்றேன். கிரிப்டோவும் ஒரு நாள் அப்படித்தான் வரும். பேரு தெரியாம உள்ள வந்துடும்."

பாய்ட் முகத்தைச் சுளித்தான். எங்கள் ஊரில் அது கெட்ட வார்த்தை. அணைக்கரண்ட் மலிவு என்று எங்கிருந்தோ வந்து தகரக் கொட்டகை போட்டு, கம்ப்யூட்டர்களைக் குவித்து, அவற்றைக் குளிர்விக்க ஆயிரம் விசிறியை இரவும் பகலும் அலறவிட்டுக் கிரிப்டோ காசு தோண்டியவர்கள் ஒரு நாள் கொட்டகையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போனார்கள்.

"யோவ் புரொபசர், சட்டை துவைக்கற மெஷினுக்குள்ள எவன் இருந்தா எனக்கென்ன. என் காசுக்குள்ள எவனோ இருக்கான்னா எனக்குத் தூக்கம் வருமா?"

நான் அதற்கு ஹா ஹா என்று சிரித்தேன். அவன் சொன்னதைச் சுவரில் எழுதி மாட்டியிருக்க வேண்டும்.

போன வருஷம் மார்ச் மாதம். ஹசிந்தா போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யரேலிக்குக் காசு அனுப்பினேன். போய்ச் சேந்துடுச்சுன்னு ஒரு இதயம் போட்டிருக்கா. பாருங்க, வெள்ளரிக்காய் ஒரு துண்டு சாப்ட்டு முடிக்கல, அதுக்குள்ள போயிடுச்சு. முன்னெல்லாம் பெட்ரோல் பங்க்ல காசு அனுப்பற கவுண்டர்ல ஒரு மணி நேரம் நிக்கணும். இப்ப ஞாயித்துக்கிழமைகூட அனுப்பறேன்."

ஞாயிற்றுக்கிழமையா! எனக்கு மூக்கில் வேர்த்தது. ஞாயிற்றுக்கிழமை வங்கி எதுவும் அசையாது. "அந்தப் போனைக் கொஞ்சம் குடுங்க" என்றேன். புறாப் படம் போட்ட ஒரு செயலி. செட்டிங்ஸ், கடைசி, உரிமங்கள். எறும்பு எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. ஓடி ஓடி நின்ற இடத்தில், டெல்மர் ஹோக்லண்ட். நான்தான். என் பெயர், எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

அழுதுவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது. பதினோரு வருஷம் கிணற்றில் கல் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு முதல் தடவையாக அடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அதுவும் யாரிடமிருந்து? முன்பின் தெரியாத எவனோ ஒருத்தனிடமிருந்து இல்லை, எனக்கு வெள்ளரிக்காய் தருகிறவளிடமிருந்து. இத்தனை நாளாக அவள் மகளின் சோற்றுக்கும் புத்தகத்துக்கும் போன காசை என் நானூறு வரி கையைப் பிடித்து ரோடு தாண்டவிட்டிருக்கிறது. அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனிதன். நிறுத்தவில்லை. எங்கள் சாதிக்கே உள்ள இரண்டாவது வியாதி, விளக்குவது.

"ஹசிந்தா! இங்க பாருங்க! இது யாரு பேரு?"

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். சிரிப்பு மெல்ல நின்றது.

"என் காசுக்குள்ள உங்க பேரு எதுக்கு, டான் டெல்மர்?"

"நான் எழுதினது அது! நீங்க அனுப்பற ஒவ்வொரு தடவையும் என்னோடதுதான் உள்ள ஓடுது."

"அப்ப நான் எவ்வளவு அனுப்பறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சேச்சே! ஒண்ணும் தெரியாது. சத்தியமா தெரியாது."

"தெரியாதுன்னா பேரு எதுக்கு?"

"அது எழுதினவங்க பேரைப் போடற வழக்கம். பயப்படாதீங்க. நான் புரியற மாதிரி சொல்றேன். உங்க டாலர் இருக்குல்ல, அது இந்தப் பக்கம் கிரிப்டோவா மாறி, எல்லையைத் தாண்டி, அந்தப் பக்கம் மறுபடி உங்க ஊர்க் காசு பெசோவா..."

"கிரிப்டோவா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். அவள் முகத்தைப் பார்த்த பிறகாவது வாயை மூடினேனா? இல்லை. பென்குயின் கதையைச் சொன்னேன். லினக்ஸ் எப்படி வந்தது என்று சொன்னேன். இது எவ்வளவு பத்திரம் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவள் என் கையிலிருந்து போனை வாங்கி, அந்தப் புறாவின் மேல் விரலை அழுத்தி வைத்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தாள்.

"மூணு வருஷமா பக்கத்துல உக்காந்திருந்தீங்க. சொல்லவே இல்லையே" என்றாள்.

"எனக்கே இப்பத்தான் தெரியும், ஹசிந்தா."

அவள் நம்பவில்லை. ஓடிக்கொண்டிருந்த டிரையரை நிறுத்தி, பாதி ஈரத் துணியைக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனாள். வெள்ளரிக்காய் டப்பாவை மறந்துவிட்டாள். பாய்ட் கதவு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டியேய்யா" என்றான். "அவ கொழுந்தன் ஹிலாரியோ கதை உனக்குத் தெரியாதா? சர்ச் ஹால்ல கோட்டு போட்டு ஒருத்தன் வந்து கிரிப்டோ கிரிப்டோன்னு பேசி அவன்கிட்ட அத்தனையையும் புடுங்கிட்டுப் போனான். லாரி வாங்க வெச்சிருந்த காசு. அவனும் இப்படித்தான் சிரிச்சு சிரிச்சு விளக்கினானாம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை டப்பாவைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஐந்து வாரம் டப்பா என் மடியில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தது. டிரையர் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பாய்ட்கூடக் கிண்டல் பண்ணுவதை விட்டுவிட்டான். அவன் கிண்டலை விட்டதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"வியாழக்கிழமை காலைல வர்றா" என்றான் ஒரு நாள், என்னைப் பார்க்காமல். "உன்னை வரச் சொல்லிச் சொல்லல. தெரிஞ்சுக்கன்னு சொன்னேன்."

"எப்படி இருக்கா?"

"மகளோட பரீட்சைக் கட்டணம் கட்டறதுக்கு இவ கவுண்டருக்குப் போயிருக்கா. லீவு சேந்து வந்த வாரம், மூணு நாள் மூடிட்டான். காசு போய்ச் சேர்றதுக்குள்ள கடைசித் தேதி முடிஞ்சிடுச்சு. அந்தப் பொண்ணு இனி நவம்பர்லதான் எழுதணுமாம்."

ஆறு மாதம். ஒரு பெண்ணுடைய ஆறு மாதத்தை நான் என் பெயரைக் காட்டிக் கெடுத்திருக்கிறேன். ஒரு வெள்ளரித் துண்டு தின்று முடிப்பதற்குள் போயிருக்க வேண்டிய காசு. எழுத்துப் பிசகைப் பிடிக்க நானூறு வரி எழுதின மகாபுத்திசாலி, என் வாயைப் பிடிக்க ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு என் மேல் எனக்கு வந்த வெறுப்பை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்கு வந்து நிரலைத் திறந்தேன். முதல் வரி, பதினோரு வருஷமாகத் தொடாத வரி, காப்புரிமை டெல்மர் ஹோக்லண்ட். அதை அழித்துவிட்டு 'இந்த நிரலின் பங்களிப்பாளர்கள்' என்று போட்டேன். பங்களிப்பாளர்கள் என்று பன்மையில் சொல்ல அங்கே வேறு யாரும் இல்லை. நானும் பூனையும்தான். புதிய பதிப்பாக வெளியிட்டேன். உலகத்தில் எத்தனை பேர் அதை எடுத்தார்களோ, ஒரே ஒருவன் எழுதினான், காப்புரிமை வரி மாறியிருக்கிறதே, சட்டப்படி சரிதானா என்று. சரிதான் என்று பதில் போட்டேன். ஏன் மாற்றினீர்கள் என்று அவனும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை போவதை மட்டும் நான் விடவில்லை. வியாழக்கிழமை போகவும் இல்லை. அது அவள் என்னிடமிருந்து தப்பிக்கப் பிடித்துக்கொண்ட நாள், அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. கோடை போயிற்று, ஆப்பிள் பறிப்பு முடிந்தது, பனி கொட்டியது. நீலச் சட்டை கிழிந்து, வேறு சட்டை வாங்கினேன்.

இந்த பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலில் தட்டிவிட்டு ஹசிந்தா உள்ளே வந்தாள். துணியைப் போட்டாள். நேரே வந்து என் பக்கத்து நாற்காலிக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு நாற்காலி காலி.

"ஹலோ, டான் டெல்மர்."

"ஹலோ." அந்த டான் இன்னும் என் பெயருக்கு முன்னால் இருந்தது.

"யரேலி நவம்பர்ல எழுதிட்டா. பாஸ். இனி கடைசிப் பரீட்சை ஒண்ணுதான், மே மாசம்."

"ரொம்ப சந்தோஷம். அன்னிக்கு என்னாலதான்..."

"விடுங்க. நானும் கொஞ்சம் பதறிட்டேன்." பிறகு போனை எடுத்தாள். "இப்ப ஷெட்லயே புதுசு ஒண்ணு குடுத்திருக்காங்க. சம்பளம் இதுலயே வருது, இதுலயே ஊருக்கும் அனுப்பிக்கலாம். எல்லாரும் வெச்சிருக்கோம், ஹிலாரியோகூட வெச்சிருக்கான். அந்தக் கிரிப்டோ கண்றாவி எதுவும் இதுல கிடையாது. ஞாயித்துக்கிழமைகூட உடனே போவுது."

ஞாயிற்றுக்கிழமைகூட. தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஆனா மனசுக்குள்ள ஒரு சின்ன உறுத்தல். அந்தக் குட்டி எழுத்தெல்லாம் எனக்குப் படிக்க வராது." போனை நடு நாற்காலிக்கு மேலே நீட்டினாள். "நீங்களே பாத்துச் சொல்லுங்க. உங்க பேரு இதுல இருக்கா? இருந்தா இன்னிக்கே தூக்கிடறேன்."

வாங்கிக்கொண்டேன். செட்டிங்ஸ், கடைசி, உரிமங்கள். விரலால் தள்ளிக்கொண்டே போனேன். பாய்ட் துணி மடிக்கிற மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான், ஒரே இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். பட்டியலின் நடுவில் அது இருந்தது. இந்த நிரலின் பங்களிப்பாளர்கள். நான் தட்டிய வரி. ஷெட்டில் ஐந்நூறு பேர், ஊரில் எத்தனை ஆயிரமோ, எல்லோர் பையிலும் இன்றைக்கு அது இருக்கிறது. நான் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. பேரு தெரியாம உள்ள வந்துடும் என்று சொன்னேனே, வந்துவிட்டது.

"இல்ல" என்றேன். "என் பேரு எங்கயும் இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்துட்டேன், ஹசிந்தா. தைரியமா அனுப்புங்க."

அவள் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். எழுந்து நடு நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்துத் திறந்தாள். மிளகாய்ப்பொடி வாசனை வந்தது.

"நீங்க இன்னும் அந்த வேலையெல்லாம் செய்யறீங்களா?" என்று கேட்டாள்.

அன்று காலையில்தான் ஒரு பிசகைச் சரிசெய்துவிட்டு வந்திருந்தேன்.

"இல்ல. விட்டுட்டேன்."

"நல்லதாப் போச்சு. இந்த வயசுல எதுக்கு அந்த வம்பெல்லாம். எடுத்துக்கோங்க, டான் டெல்மர்" என்று டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.